கறந்த பாலை வாங்கியது யார்? – மகளிர் குழு வெற்றிக்கதைகளை முன்வைத்து

நான் 11 வெற்றிக்கதைகள் எழுதியிருக்கிறேன். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த காலம். 2013 வாக்கில், பெரியபாளையம் சுற்றுப்பட்டில் மகளிர் குழுக்களை நடத்திக்கொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டு வேலை தந்தது. வேலைக்குப் பெயர் ஆவணப்படுத்தல். குழுவில் சேர்ந்து, பயிற்சி பெற்று, கடன் வாங்கித் தொழில் தொடங்கி முன்னேறிய பெண்களை நேரில் பார்த்து ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரவேண்டும். பக்கத்துக்கு 200 ரூபாய். பளபளப்புத் தாளில், வண்ணப் படத்தோடு அச்சாயின. என் பெயர் அவற்றில் இல்லை. திறனாய்வு என்று ஒரு பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள் அச்சில் கண்ட முதல் எழுத்து அதுதான்.

அந்த 11 பிரதிகள் மீதான என் விமர்சனம் இது. வெற்றிக்கதையெல்லாம் இலக்கியமா, அதற்கொரு விமர்சனமா என்று பண்டிதர்கள் கேட்பார்கள். சேரிப் பெண்ணைப் பற்றி நாம் எழுதுகிற கவிதையைக் கலெக்டர் ஆபீசில் யாரும் படிப்பதில்லை. வெற்றிக்கதையைப் படிக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் அடுத்த வருசத்துக்கு எத்தனை மாடு, எத்தனை தையல் மிஷின் என்று முடிவு செய்கிறார்கள். அதிகாரம் வாசிக்கிற பிரதியை நாமும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டாமா?

*

வெற்றிக்கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முன்னால் அச்சான நாலு கதையைப் படித்தபோதே பிடிபட்டுவிட்டது. முதலில் இருட்டு: குடிசை, குடிகாரப் புருஷன், கந்துவட்டி, பசித்த பிள்ளைகள். பிறகு ஒரு நாள் 'மேடம்' வருகிறார். குழு, சேமிப்பு, மூன்று நாள் பயிற்சி, கடன். பிறகு வெளிச்சம்: மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை, இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளை. கடைசியில் நன்றி. நன்றி இல்லாத வெற்றிக்கதை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இந்த வடிவம் நமக்குப் புதிதல்ல. ஆற்றுப்படை படித்தவர்களுக்குத் தெரியும். பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வள்ளலிடம் போகும் வழி சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் அந்தப் பாணன் வீட்டுப் பசி எவ்வளவு நுணுக்கமாக வருகிறது! உப்புக்கும் வழியில்லாத கீரையைக் கதவடைத்துத் தின்கிற அளவுக்கு வறுமை. ஆனால் பாணன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்று பாட்டு கேட்காது. கேட்டால் வள்ளலுக்கு வேலை இல்லாமல் போய்விடும். என் 11 கதைகளிலும் வறுமையின் வர்ணனை பிரமாதமாக இருந்தது. வறுமையின் காரணம் ஒன்றில்கூட இல்லை.

நம் தலித் தன்வரலாறுகளும் 'நான்' என்றுதான் தொடங்குகின்றன. வெற்றிக்கதையும் அப்படித்தான். தன்வரலாற்றில் 'நான்' ஊரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. வெற்றிக்கதையில் அதே 'நான்' கைகட்டி நின்று நன்றி சொல்கிறது. அந்த வாயை எழுதிக்கொடுத்தவள் நான்.

*

எங்கள் காலனி அக்கா ஒருத்தி. குழுக்கடனில் கறவை மாடு வாங்கியவர். அவர் கதையை நான்தான் எழுதினேன். 'தினமும் 6 லிட்டர் பால், கையில் நிரந்தர வருமானம்' என்று தலைப்பிட்டார்கள். புத்தகம் அச்சாகி வந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். முழுசும் கேட்டார். படத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"நல்லாத்தான் எழுதிகிற. ஆனா பால யாரு வாங்கனாங்கன்னு எழுதவே இல்லியேடி?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பேட்டி எடுக்கும்போது அவர் அதைச் சொல்லித்தான் இருந்தார். ஒரு பக்கத்தில் இடமில்லை என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அவர் சொன்னது இது. பாலைக் கறந்து தூக்கில் ஊற்றிக்கொண்டு ஊருக்குள் இருக்கிற பால் சொசைட்டிக்குப் போனார். யாரும் 'போ' என்று சொல்லவில்லை. "இன்னிக்கு கோட்டா முடிஞ்சிபோச்சி" என்றார்கள். மறுநாள் "தண்ணியா கீது" என்றார்கள். இன்னொரு நாள் "மெம்பர் ஆனாத்தான் ஊத்த முடியும்" என்றார்கள். மெம்பர் ஆவதற்கு மனுக் கொடுத்தால் "மீட்டிங்குல வெப்போம்". டீக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே "பால் வந்துட்ச்சிம்மா" என்றார். காலனிக்குள்ளேயே விற்கலாம் என்றால், அதே திட்டத்தில் அதே மாதம் ஏழு வீட்டுக்கு மாடு வந்திருந்தது. எல்லார் வீட்டிலும் பால், யார் கையிலும் காசில்லை. கடைசியில் ஊர்த் தெருவில் ஓர் அம்மா, தன் கார்டில் அக்காவின் பாலைச் சேர்த்து ஊற்ற ஒத்துக்கொண்டார். லிட்டருக்கு இரண்டு ரூபாய் கழிவு. அக்கா பின்வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவேண்டும். அவர் வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு அவர் போவார். பால் அதே பால். பாத்திரம் மாறியதும் அதற்குச் சாதி மாறிவிட்டது.

பசும்புல் கிடைத்த மட்டும் ஓட்டினார். மேய்ச்சல் புறம்போக்கில் பிளாட் கல் நட்டார்கள். தவிடும் புண்ணாக்கும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மாட்டை விற்றார். மீதிக் கடனைக் கூலிக்குப் போய் அடைத்தார். குழுவின் பதிவேட்டில் அந்தக் கடனுக்கு நேராக 'முழுமையாகச் செலுத்தப்பட்டது' என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது.

நான் எழுதியதில் பொய் ஒரு வரிகூட இல்லை. மாடு இருந்தது. ஆறு லிட்டர் கறந்தது. கடன் அடைந்தது. வாங்குகிறவனை மட்டும் பிரதியிலிருந்து எடுத்துவிட்டேன். அவனை எடுத்ததும் சாதியும் கூடவே போய்விட்டது.

*

இது ஒரு காலனியின் ராசி என்று யாராவது சொல்லலாம். இந்தியாவின் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலியவர்கள் எழுதி 2006இல் நூலாக வந்தது. தலித்துகள் உள்ளூர்ச் சந்தையில் பொருள் விற்க முடியாத கிராமங்கள் மூன்றில் ஒன்றுக்கும் மேல். பால் கூட்டுறவுச் சங்கத்தில் தலித்துகளால் பால் ஊற்ற முடியாத கிராமங்கள் ஏறத்தாழ பாதி. எந்த வங்கி மேனேஜர் மேசையிலாவது, எந்தப் பயிற்சி மையத்திலாவது இந்தக் கணக்கு இருக்கிறதா? கறவை மாட்டுக்கடன் கொடுக்கிறவர்கள் மாட்டின் பல்லைப் பார்க்கிறார்கள். ஊரைப் பார்ப்பதில்லை.

பயிற்சி இல்லை, முதல் இல்லை, அதனால்தான் ஏழை என்பது இந்தக் கதையாடலின் அடித்தளம். பயிற்சிக்கு ஓர் எல்லை சொல்லுங்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா வேலையில் இருக்க முடியாமல் பம்பாய்க்கு வந்து, முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்று தொடங்கினார். வந்தவர்களுக்கு அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழில் படுத்தது. அவரைவிட நல்ல பயிற்சியை மூன்று நாள் முகாமில் யார் தரப்போகிறார்கள்?

தூரத்துக் கதை வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில் சமைத்தவர் தலித் பெண் என்று பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். பிறகு கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழு இருந்தது, பயிற்சி இருந்தது, சம்பளம் கொடுக்க அரசாங்கமே இருந்தது. சோற்றை வாங்கிக்கொள்ள எதிரே நீளவேண்டிய கைதான் நீளவில்லை.

*

பெரியபாளையத்தைத் தெரிந்தவர்கள் இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று கேட்கலாம். ஆடி மாதம் பவானி அம்மன் கோயிலுக்கு வந்து பாருங்கள், காலனிப் பெண்கள் எத்தனை பேர் வியாபாரம் செய்கிறார்கள் என்று. உண்மைதான். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராசிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஆரணியாற்றங்கரையில் பொங்கல் வைப்பார்கள், வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவார்கள். நம் பெண்கள் விடிய இரண்டு மணிக்கே வேப்பங்கொத்து ஒடித்துக் கட்டுவார்கள். விறகு, வேர்க்கடலை, சுண்டல், டீ, எல்லாம் விற்கும். அக்காவும் விற்பார். மாடு தராத காசை வேப்பிலை தந்தது என்பார்.

ஏன் விற்கிறது? வாங்குகிறவனுக்கு விற்கிறவள் எந்தத் தெரு என்று தெரியாது. தண்டையார்பேட்டையிலிருந்து வந்தவனுக்கு வேப்பிலை வேண்டும், அவ்வளவுதான். அதே கோயில் வாசலில், அம்மன் உடம்புக்கே போகிற இலையைத் தொட்டுக் கட்டிக்கொடுக்கிற கை, ஆடி முடிந்து ஊருக்குள் தூக்குப் பாலோடு போனால் தீட்டாகிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கம்பெனி கேட்டில் இட்லிக்கடை போட்ட ஒரு சின்னம்மாவும் இதையேதான் சொன்னார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் "அம்மா, அம்மா" என்று தின்கிறார்கள். "நம்மூர்க்காரன் மட்டுந்தான் ரெண்டு இட்லி வாங்கறத்துக்கு முன்ன, எந்த ஊரும்மா, எந்தத் தெருவும்மான்னு கேக்கறான்" என்றார்.

நம் பெண் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவள் என்கிற பேச்சுக்கு ஆடி மாதம் பதில் சொல்கிறது. அவளை யாரென்று அறியாத இடத்தில் அவள் நல்ல வியாபாரி. அறிந்த இடத்தில் அவள் கடனாளி. கடன் கொடுக்கிற திட்டம் எதுவும் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்ததாக நான் பார்க்கவில்லை.

*

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலக்கதை ஒன்று உண்டு. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் சூஃபியா பேகத்தை முகமது யூனுஸ் பார்க்கிறார். மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன், பின்னிய முக்காலியை அதே வியாபாரிக்கு அவன் சொன்ன விலைக்குத் தரவேண்டும். இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கு 27 டாலர்தான் தேவைப்பட்டது, யூனுஸ் கொடுத்தார். 1983இல் கிராமீன் வங்கி, 2006இல் நோபல் பரிசு.

இந்தக் கதையை உற்றுப் படியுங்கள். அதில் வாங்குகிறவன் இருக்கிறான். கடன் கொடுத்தவனே வாங்குகிறவனாகவும் இருந்ததுதான் சூஃபியாவின் துன்பம். கதை திட்டமாக மொழிபெயர்க்கப்பட்டு ஊர் ஊராக வந்தபோது 'முதல்' மட்டும் வந்து சேர்ந்தது. வாங்குகிறவன் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டான்.

குழுக்களால் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் எங்கம்மாவே என்னை அடிப்பார். 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கியபோது தெருவில் கூடை வைத்து விற்ற பெண்களுக்கு வங்கிக் கதவு திறந்தது. 1989இல் தருமபுரியில் அரசு குழுத் திட்டத்தைத் தொடங்கியது, 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையில் இறங்கியது. 1990களின் கடைசியில் மகளிர் திட்டமாக அது எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. எங்கம்மா கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தது குழுவில்தான். வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்போதுதான். காலனிச் சுடுகாட்டுப் பாதைக்காகப் பி.டி.ஓ. ஆபீசை முற்றுகையிட்ட 30 பெண்களும் குழுப் பெண்கள். ஆனால் இந்த முற்றுகையை வெற்றிக்கதையாக எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

*

அப்புறம் வந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். தனியார் பைனான்ஸ் கம்பெனிகள். சேமிப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை. பத்துப் பெண்களை உட்காரவைத்து உறுதிமொழி சொல்லச் சொல்லி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று கையெழுத்து. ஆந்திராவில் தற்கொலைகள் செய்தியாகி 2010 அக்டோபரில் அவசரச் சட்டம் போடவேண்டிய அளவுக்குப் போனது இதே முறைதான். நம்மிடம் அடமானம் வைக்க நிலம் கிடையாது. அதனால் மானத்தை அடமானம் வாங்கினார்கள். ஊரடங்குக்குப் பிறகு ஒரு கம்பெனியின் பையன் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தான். அவன் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் மறுநாள் தாலிக்குண்டு இரண்டையும் விற்றார்.

தமிழ்நாட்டுத் தலித் பெண்களின் கடனைப் பல ஆண்டுகள் கூட இருந்து பார்த்து எழுதிய நூல் ஒன்று 2023இல் இங்கிலீஷில் வந்தது, தலைப்பே 'கடன்பட்ட பெண்'. இசபெல் கெரான், சந்தோஷ்குமார், வெங்கடசுப்ரமணியன் எழுதியது. குடும்பத்தின் கடனைச் சுமப்பதே பெண்ணின் வேலையாகிவிட்டதை அது காட்டுகிறது. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியவர்கள் செய்த ஆய்வு 2015இல் வந்தது. சிறுகடனால் பிள்ளைகள் படிப்பிலோ, ஆரோக்கியத்திலோ, பெண்ணின் அதிகாரத்திலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை என்றது. குடும்ப வருமானத்தில் பாதிக்குமேல் தவணை போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. விதியும் சட்டமும் வேண்டியவைதான். ஆனால் அவை வசூலிக்கிறவனின் வாயைக் கட்டுகின்றன. வாங்க மறுக்கிறவனைத் தொடுவதில்லை.

*

பெரியபாளையம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்தச் செங்கல்பட்டில்தான் 1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். கல்யாணச் செலவுக்கு வாங்கிய சொற்பக் கடனுக்குப் பண்ணையில் ஆளாகக் கட்டுண்டு கிடந்தவர்களை அதில் காட்டினார். அந்த நோய்க்கு அவர் சொன்ன மருந்து நிலம். குறைந்த வட்டிக்கு இன்னொரு கடன் கொடுங்கள் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் நம் மக்களுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி. காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரனுக்குப் புரிந்தது இது: கடன்பட்டவனுக்கு நிலம் கொடு. இப்போது நிலம் கேட்டால் குண்டு, கேட்காமலிருந்தால் கடன். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், எங்கள் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர்களையும் ஒடிசாக்காரர்களையும் மீட்டிருக்கிறார்கள். முன்பணமும் குழுக்கடனும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் நிலமில்லாதவர்களுக்கு நீட்டப்படும் எந்தப் பணமும் சீக்கிரமே கயிறாகிவிடுகிறது என்பதை இந்த மண் நன்றாகக் கண்டிருக்கிறது.

அதனால் எழுதுகிற நம்மிடமும் ஒரு கேள்வி. சாவடியில் அடி வாங்கியதை எழுதினோம், டீக்கடையில் தனிக் குவளையை எழுதினோம். செவ்வாய்க்கிழமை டியூ கட்டுகிற பெண்ணின் நோட்டு நம் எழுத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது? அந்த இடத்தைக் காலியாக விட்டோம், அதில் வெற்றிக்கதை வந்து உட்கார்ந்துகொண்டது. கூலிக்கு எழுதினாலும் அதை எழுதியவள் நான்.

போன மாசம் அக்காவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். காலனியில் இப்போது மறுபடி மாடுகள் இருக்கின்றன. காலனிக்குள்ளேயே பால் கொள்முதல் நிலையம் வேண்டும், அதுவரை சொசைட்டியில் எல்லாரையும் மெம்பராகச் சேர்க்கவேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். 'எங்களிடம் பால் வாங்க மறுத்தவர்கள்' என்று ஒரு பத்தி. அதில் தேதி, நேரம், சொன்ன காரணம், சொன்னவர் பெயர், எல்லாம் வரிசையாக. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவள்ளூர் போய்க் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.